ஏட்டு வேலை முடிச்சிட்டு வார்டு தேர்தல்ல நின்ன கதை

2022 பிப்ரவரில நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல்ல கும்பகோணத்துல ஒரு வார்டுக்கு சுயேச்சையா நின்னேன். பட்டாளத்துலேருந்து வந்த தம்பிங்க, ரிட்டையர் ஆன ஏட்டுங்க, எஸ்ஐங்கன்னு நெறைய பேர் எப்டி நிக்கிறது என்ன செலவுன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்றதுக்கு மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்திருக்கேன்.

1978ல மெட்ராஸ் ரெஜிமெண்ட்ல சேந்தேன், வெலிங்டன்ல ட்ரெய்னிங், 17 வருஷம் சர்வீஸ். ஊருக்கு வந்து ரெண்டு வருஷம் தம்பியோட வயல பாத்துட்டு, 1997ல முன்னாள் ராணுவத்தினர் கோட்டால போலீஸ்ல சேந்து 2017ல ஏட்டா ரிட்டையர் ஆனேன். ஏன் நின்னேன்னா, எங்க தெரு சாக்கடை. ஐப்பசி கார்த்திகைல நாலு நாள் மழ பேஞ்சா தண்ணி வடியாது, வீட்டு வாசப்படி வரைக்கும் ஏறிடும். 2016 அக்டோபரோட பழைய கவுன்சிலருங்க காலம் முடிஞ்சு அஞ்சு வருஷத்துக்கு மேல தனி அலுவலர் நிர்வாகம்தான், மனு குடுத்தா வாங்குவாங்க, அத யாரு எடுத்துப் பேசுறது? 2021ல நகராட்சி மாநகராட்சியாச்சு, 48 வார்டு, எங்க வார்டு பொதுப் பிரிவுல வந்துச்சு, சரி நாமளே நின்னுடுவோம்னு முடிவு பண்ணேன்.

மனு தாக்கல் ஜனவரி 28லேருந்து பிப்ரவரி 4 வரைக்கும். மாநகராட்சி வார்டுக்கு டெபாசிட் 4000, எஸ்சி எஸ்டிக்கு பாதி. முன்மொழியிறவர் அதே வார்டு வாக்காளரா இருக்கணும், இதுலதான் நான் மாட்டிக்கிட்டேன். எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு தம்பி நான் போடுறேண்ணேன்னு கைய புடிச்சு சொன்னவரு, மறுநாள் காலைல வீட்டுக்கு வந்து "அண்ணே தப்பா நெனைக்காதீங்க, கட்சிக்காரங்க வந்து பேசிட்டுப் போயிட்டாங்க"ன்னு தலைய குனிஞ்சுட்டு நின்னாரு. அவர் பொழப்பு அப்படி, கோவப்பட முடியல. கடைசில பக்கத்து வீட்டு ரிட்டையர்டு வாத்தியார்தான் கையெழுத்து போட்டாரு, அவரு காலத்துக்கும் நல்லா இருக்கணும். அதனால சொல்றேன், முன்மொழியிறதுக்கு முன்கூட்டியே ரெண்டு மூணு பேர்கிட்ட பேசி வச்சுக்கோங்க. சொத்து வரி, தண்ணி வரி பாக்கி இல்லாம கட்டி ரசீத கைல வச்சுக்கோங்க. உறுதிமொழிப் பத்திரத்துல வழக்கு, சொத்து, கடன்னு ஒரு கட்டம் கூட காலியா விடக்கூடாது, ஒண்ணும் இல்லன்னா "இல்லை"ன்னு எழுதணும், கோடு போட்டு விட்டுடாதீங்க. பட்டாளத்துக்காரங்களுக்கு இன்னொரு சங்கதி, நம்ம டிஸ்சார்ஜ் புக்குல அப்பா பேர முழுசா சேத்து எழுதியிருப்பான், வாக்காளர் பட்டியல்ல வெறும் இனிஷியல் இருக்கும். மனுல வாக்காளர் பட்டியல்ல எப்டி இருக்கோ அப்டியே எழுதுங்க, நான் பழக்கதோஷத்துல முழுப்பேர எழுதிட்டு இன்னொரு ஃபாரம் வாங்கி மொதல்லேருந்து எழுதுனேன்.

5ஆம் தேதி பரிசீலன, 7ஆம் தேதி சாயங்காலம் சின்னம். ஆட்டோ ரிக்‌ஷா கேட்டிருந்தேன், இன்னொரு சுயேச்சையும் அதையே கேட்டதால குலுக்கல் போட்டாங்க, எனக்கு விழுந்துச்சு. 17ஆம் தேதி சாயங்காலம் 6 மணியோட பிரச்சாரம் முடிஞ்சிடும், ஆக கைல இருந்தது பத்தே நாள்.

அந்தப் பத்து நாளத்தான் நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். 37 வருஷம் யூனிஃபார்ம்ல இருந்தவன், கதவத் தட்டுனா உள்ள இருக்கவங்க பயந்துடுறாங்க. கொரோனா நேரம் வேற, மாஸ்க் போட்டுக்கிட்டு நின்னா குரல வச்சுதான் கண்டுபுடிப்பாங்க, "ஏட்டய்யாவா, என்னங்கய்யா எதுவும் கேஸா"ன்னு ஒரு அம்மா நடுங்கிப் போயிட்டாங்க. அதுக்கப்பறம் வீட்டுக்காரிய கூட்டிட்டுப் போனேன், அவ மொதல்ல பேசுவா, நான் ரெண்டடி தள்ளி கைகூப்பிட்டு நிப்பேன்.

நாலாவது நாளோ அஞ்சாவது நாளோ ஒரு சந்துல பூ கட்டிட்டு இருந்த அம்மா என்ன நிமிந்து பாத்துட்டு, "மகாமகத்தப்போ என் பூக்கூடைய தூக்கி வண்டில போட்டீங்களே ஏட்டய்யா, ஞாபகம் இருக்கா"ன்னு கேட்டாங்க. எனக்கு ஞாபகம் இல்ல. 2016 மகாமகத்துக்கு குளக்கரைல பந்தோபஸ்து பாத்தேன், 1992ல அங்க நெரிசல்ல அத்தன பேரு செத்தத நெனச்சு நெனச்சு பயந்துக்கிட்டே நின்ன நேரம் அது, கரைல இருந்த கடைங்கள எடுக்கச் சொன்னாங்க எடுத்தோம், எத்தன கூடைன்னு யாரு எண்ணுனா. ஆனா அவங்க எண்ணி வச்சிருக்காங்க, அன்னைக்கு 600 ரூபா பூவாம், கடனுக்கு எடுத்ததாம். நான் கையெடுத்துக் கும்பிட்டு "தப்புதாம்மா"ன்னேன். அவங்க பூ கட்டுறத நிறுத்தல, "ஜெயிச்சா எங்களுக்கு உக்கார ஒரு எடம் வாங்கித் தருவீங்களா, அத சொல்லுங்க"ன்னாங்க.

அன்னைக்கு ராத்திரி மகள்கிட்ட சொல்லி சாலையோர வியாபாரிகள் சட்டத்த தேடி எடுக்கச் சொன்னேன். 2014லயே வந்த சட்டம். கணக்கெடுத்து சான்று குடுக்குற வரைக்கும் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, எடம் மாத்துறதா இருந்தா 30 நாள் நோட்டீஸ், வியாபாரிங்க எடம் சம்பந்தமா முடிவு பண்ற நகர விற்பனைக் குழுல நூத்துக்கு 40 பேருக்குக் கொறையாம வியாபாரிங்களே இருக்கணும். நான் அந்தக் கூடைய தூக்குறப்போ சட்டம் வந்து ரெண்டு வருஷம் ஆயிருக்கு, அதுல ஒரு வரி எனக்குத் தெரியாது. மறுநாளே என் பிரச்சார நோட்டீஸ்ல சாக்கடைக்கு அடுத்து இத ரெண்டாவதா போட்டு திரும்ப அடிச்சேன். நோட்டீஸ்ல பிரஸ் பேரும் எத்தன காப்பின்னும் கட்டாயம் போடணும், மறந்துடாதீங்க.

19ஆம் தேதி ஓட்டு. 22ஆம் தேதி எண்ணுனாங்க, அதே தேதிலதான் ஆறு வருஷம் முன்னாடி மகாமகத் தீர்த்தவாரிக்கு நான் கயிறு புடிச்சு நின்னேன். 312 ஓட்டு, மூணாவது எடம், ஆறுல ஒரு பங்குக்கு மேல வந்ததால டெபாசிட் தப்பிச்சுது. காசு குடுக்காம 312 பேரு போட்டிருக்காங்க, அந்த நன்றி எனக்கு என்னைக்கும் இருக்கும். வலிக்கலன்னு சொன்னா பொய், ரெண்டு நாள் வெளில போகல.

செலவுக் கணக்க மட்டும் விட்டுடாதீங்க. மாநகராட்சி வார்டுக்கு உச்சவரம்பு 85,000, எனக்கு 61,000 ஆச்சு, பென்ஷன் சேமிப்புதான். தோத்தாலும் முடிவு வந்து 30 நாளைக்குள்ள கணக்கு குடுக்கணும், இல்லன்னா அடுத்த தடவ நிக்க முடியாம தடை போட்டுடுவாங்க. நான் டீக்கு குடுத்த 40 ரூபா வரைக்கும் அன்னன்னைக்கே நோட்டுல எழுதி வச்சிருந்ததால ஒரே நாள்ல முடிஞ்சுது.

அந்தக் கணக்கு குடுக்கப் போன அன்னைக்கு பூக்கார அம்மாவையும் கூட்டிட்டுப் போனேன். ஆதார், ரெண்டு போட்டோ, எத்தன வருஷமா எந்த எடத்துல பூ விக்கிறாங்கன்னு நானே வாசகம் எழுதி, அவங்க கைநாட்டு வச்சு, வியாபாரி அடையாள அட்டைக்கு மனு குடுத்தோம். அந்தத் தெருவுல இன்னும் பதினோரு பேரு பூ விக்கிறாங்க, அவங்க மனுவும் எழுதி முடிச்சாச்சு, வர்ற திங்கக்கிழமை எல்லாரும் ஒண்ணா போறோம்.