ஐ.டி. பையன் புரோகிராம் கோடு எழுதலாமா?

அக்டோபர் 7
ஐடிசி-04 நேரம்; வெளியே வேலைக்கு அனுப்பிய சரக்குக்குக் கணக்குக் காட்டும் ஜிஎஸ்டி படிவம் அது. கோவை கணபதிப் பக்கம் லேத் பட்டறைகளுக்கு ஜாப் ஒர்க்குக்குப் போன காஸ்டிங் (வார்ப்பு), திரும்பி வந்தது எல்லாம் சலான் (சரக்கோடு போகும் சீட்டு) வாரியாக 25-ம் தேதிக்குள் ஜிஎஸ்டி தளத்தில் ஏற வேண்டும். ஓராண்டுக்குள் திரும்பாத காஸ்டிங் விற்றதாகவே கணக்காகி வரி விழும். கணக்கு, சரக்கு எல்லாம் ஓடும் எங்கள் இ.ஆர்.பி. மென்பொருளில் இதற்கு ரிப்போர்ட் கிடையாது. அதைச் செய்து தர மென்பொருள் வெண்டார் கொடுத்த கொட்டேஷனைப் பார்த்து எம்.டி. சிரித்துவிட்டார்.

அக்டோபர் 9
எங்கள் ஐ.டி. தம்பி பைத்தானில் எழுதியே விட்டான். போனதையும் வந்ததையும் பொருத்தி, 300 நாள் தாண்டிய சலானைச் சிவப்பில் காட்டுகிறது. "ஏந் தம்பி, இத முன்னாடியே பண்ணியிருக்கலாமில்ல?" என்றார் அக்கவுண்ட்ஸ் அக்கா.

எம்.டி.க்குப் பிடிக்கவில்லை. "நெட்வொர்க் பார்க்கத்தானே வெச்சிருக்கோம்? நாளைக்கு இவன் போயிட்டா?" நியாயம்தான். ஆனால் அக்கவுண்ட்ஸில் ஓடும் எக்செல் மேக்ரோவும் புரோகிராம்தானே? எழுதியவர் ரிட்டையராகிவிட்டார்; உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. இங்கிலாந்தில் 2020-ல் பழைய எக்செல் வடிவத்தின் 65,536 வரிசை வரம்பில் முட்டி, கிட்டத்தட்ட 16,000 கொரோனா முடிவுகள் கணக்கில் விடுபட்டன. எழுதாதே என்றால் யாரும் நிறுத்தப் போவதில்லை, எக்செலுக்குள் ஒளித்து எழுதுவார்கள்.

அக்டோபர் 14
தம்பிக்குத் துணிச்சல் கூடிவிட்டது. தப்பான சலான் தேதிகளை நேராக டேட்டாபேஸில் மாற்றிவிடட்டுமா என்கிறான். கூடவே கூடாது என்றேன். 2023 ஏப்ரலிலிருந்து கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு எடிட் லாகில் பதிய வேண்டும். அதை அணைக்க வழியே இருக்கக் கூடாது. பின்வாசலில் நுழைந்து மாற்றினால் ஆடிட்டர் தன் அறிக்கையில் எழுதிவிடுவார். படிக்க மட்டும் முடிகிற யூசர் ஐடி ஒன்றைக் கொடுத்தேன். முகம் சுண்டிவிட்டது, பாவம்.

அக்டோபர் 18
எம்.டி.யிடம் பேசினேன். நான் சொன்னது இது: கோடு முழுக்க கிட்டில் (Git: யார், எப்போது, எதை மாற்றினார் என்று பதிந்து வைக்கும் மென்பொருள்) இருக்கும். எழுதுவது ஒருவர், படித்துப் பார்த்து லைவில் ஏற்றுவது இன்னொருவர் (டீமே நாங்கள் இருவர்தான் என்பதால் அந்த இன்னொருவர் நான்). வெண்டாரின் மென்பொருளுக்குள் கைவைப்பதில்லை. வைத்தால் சப்போர்ட் போகும், அடுத்த அப்டேட்டில் நம் திருத்தமும் போகும். உள்ளேயே மாற்ற வேண்டுமென்றால் இஆர்பிநெக்ஸ்ட் மாதிரி, கோடு நம் கைக்கே கிடைக்கும் ஓப்பன் சோர்ஸுக்குப் போகலாம். அதன் ஜிபிஎல் உரிமப்படி, நமக்குள் மட்டும் பயன்படுத்தும் மாற்றங்களை வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை.

"சரி, மார்ச் வரைக்கும் பார்ப்போம்" என்றார்.

அக்டோபர் 24
ரிட்டர்ன் போயாயிற்று. வெண்டாரிடமிருந்து மெயில்: அதே ரிப்போர்ட், இப்போது பாதி விலைக்கு.