பிரின்ஸ்டன்ல பிக்கர் பண்ணி கிளப்ல சேர்ந்த கதை

அமெரிக்காவுல பிரின்ஸ்டன் யூனிவர்சிட்டில முதல் ரெண்டு வருஷம் டைனிங் ஹால்லயே சாப்பாடு ஓடிடும், மூணாவது வருஷம் எங்க சாப்பிடறதுங்கறது தான் பெரிய பஞ்சாயத்து, ஏன்னா இங்க ஜூனியர் சீனியர்ல (மூணாவது, நாலாவது வருஷம்) முக்கால்வாசி பேர் ஈட்டிங் கிளப் தான், அதாவது மெம்பரா சேர்ந்து ஒண்ணா சாப்பிடற கிளப். ப்ராஸ்பெக்ட் அவென்யூவுலயும் அதை ஒட்டியும் 11 கிளப், ஒவ்வொண்ணும் ஜமீன் பங்களா கணக்கா இருக்கும், யூனிவர்சிட்டிக்கு சொந்தமும் கிடையாது. டெரஸ், சார்ட்டர், கலோனியல், குவாட், க்ளாய்ஸ்டர் அஞ்சும் சைன்-இன், பேர் குடுத்து சேர்ற டைப். ஐவி, காட்டேஜ், கேப், டவர், டைகர் இன், கேனன் ஆறும் பிக்கர், உள்ள இருக்கறவங்க நம்மள பாத்து பேசி, பிடிச்சா தான் சேத்துக்குவாங்க.

வீட்ல சொன்னப்ப அம்மாவுக்கு புரியவே இல்ல, சாப்பிடறதுக்கு எதுக்குடா இன்டர்வியூன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி தான்.

பிக்கர் செகண்ட் இயர் ஸ்ப்ரிங் செமஸ்டர் தொடக்கத்துல நடக்கும், செம குளிர். சில கிளப்ல கேம்ஸ் வெச்சு லூட்டி அடிப்பாங்க, நான் போனது பேச்சு டைப் (பேர் வேணாம்), ஒவ்வொரு மெம்பரா வந்து உக்காந்து பேசுவாங்க, ஊர் எது, எந்த மேஜர், கடைசியா எதுக்கு வயிறு வலிக்க சிரிச்ச, இப்படியே போகும், கடைசில எனக்கு என் கதையே போரடிச்சிடுச்சு. பிட் (bid, வந்து சேர்ந்துக்கோன்னு கிளப் அனுப்பற அழைப்பு) வந்துச்சு, சேர்ந்துட்டேன். கூட வந்த ரூம்மேட்டுக்கு வரல, இப்படி கழட்டி விடறத இங்க ஹோஸ்டு (hosed)ன்னு சொல்லுவாங்க. காரணம் யாரும் சொல்ல மாட்டாங்க.

அடுத்த வருஷம் மெம்பரா அந்தப் பக்கம் உக்காந்தப்ப தான் விஷயம் புரிஞ்சுது. யாரை எடுக்கறதுன்னு முடிவு பண்ற மீட்டிங்ல ஒவ்வொரு பேரா வரும், அவங்ககிட்ட பேசினவங்க எழுந்து சொல்லணும், ஆள் மேல குறையே இல்லன்னாலும் "நல்ல பையன்"னு ஒரு வரில முடிஞ்சா கதை முடிஞ்சுது, ஆனா யாராவது ஒருத்தர் இவன் அன்னிக்கு என்ன சொன்னான் தெரியுமான்னு ஆரம்பிச்சா ரூமே திரும்பி பாக்கும். அதனால பிக்கர் பண்றவங்க ரெஸ்யூம் ஒப்பிக்காதீங்க, உங்களப் பத்தி திருப்பி சொல்ற மாதிரி ஒரே ஒரு விஷயம் குடுத்துட்டு வாங்க. ஏற்கனவே உள்ள ஃப்ரெண்ட்ஸ் இருந்தா இன்னும் சுலபம், அது தான் இதுல உள்ள அசிங்கமும்.

மூடின ரூம்ல ஆள் எடுக்கறது இங்க புதுசு இல்ல, 1958ல எந்த கிளப்பும் எடுக்காம விட்டவங்கள்ல பாதிக்கு மேல யூத பசங்க, பெரிய கலாட்டாவே ஆச்சு. 1979ல ஸேலி ஃப்ராங்க்னு ஒரு மாணவி ஆம்பளைங்கள மட்டும் சேத்த மூணு கிளப் மேல புகார் குடுத்தாங்க, டைகர் இன் பொண்ணுங்கள சேக்கறதுக்கு 1991 ஆயிடுச்சு.

காசு வருஷத்துக்கு 10,000 டாலர் பக்கம் வரும். ஃபைனான்ஷியல் எய்ட்ல இருந்தா ஜூனியர் சீனியருக்கு சாப்பாட்டுத் தொகைய கூட்டி குடுக்கறாங்க, பாத்துக்கோங்க. இல்லன்னா கோ-ஆப்ல (மாணவர்களே கூடி சமைச்சு சாப்பிடற குழு) சேர்ந்து முறை வெச்சு சமைக்கலாம், செலவு ரொம்ப கம்மி.

ரூம்மேட் டெரஸ் போனான், வெஜ் சாப்பாடு அங்க எங்களதவிட நல்லா இருக்கும். மீல் எக்ஸ்சேஞ்ச் இருக்கு, அவன் கிளப்ல நான் ஒரு வேளை, என் கிளப்ல அவன் ஒரு வேளை, அந்த மாசத்துக்குள்ள முடிச்சிடணும், இல்லன்னா காசு புடிச்சிடுவாங்க.