லிஃப்ட் போட்டாச்சு, காஸ்டர் போச்சு

சானி பாஸ் மலைப்பாதை ஏறணும்னு சுஸுகி ஜிம்னியை 50 மி.மீ. உயர்த்துற தென்னாப்பிரிக்க டர்பன் நகர மக்களே, ஸ்பிரிங்கும் ஷாக்கும் மட்டும் போதாது. முன் ஆக்ஸில் சுழன்று காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) குறையும். என்3 நெடுஞ்சாலையில் வேகமெடுத்தா ஸ்டீயரிங் அலையும், திருப்பினா தானா நேராகாது. ஸ்டீயரிங் டேம்பர் (அதிர்வைத் தணிக்கிற உருளை) மாத்துறது நோயை மறைக்கத்தான்.

ஆக்ஸிலைப் பிடிச்சிருக்கிற ரேடியஸ் ஆர்முக்கு ஆஃப்செட் புஷ் (துளை நடுவில் இல்லாத ரப்பர் புஷ்) போடுங்க, சுமார் 2 டிகிரி மீளும். துளை எந்தப் பக்கம்னு பார்த்து அழுத்தணும். தலைகீழாப் போட்டா இருக்கிற காஸ்டரும் போயிடும். வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் போல்ட்டைக் கடைசியா இறுக்கணும். தொங்கவிட்டு இறுக்கினா ரப்பர் முறுகிச் சீக்கிரம் கிழியும்.

ஆக்ஸில் பக்கவாட்டில் நகர்ந்திருந்தா, நீளம் மாத்தக்கூடிய பான்ஹார்ட் ராட் (ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடிக்கிற கம்பி) போடுங்க. டோ (முன் சக்கரங்கள் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு) சரிசெய்றது கடைசியில்.

ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர் கதை வேற: காஸ்டரைச் சரிசெய்ற கேம் போல்ட்டில் திருப்ப இடம் தீர்ந்தா மேல் கன்ட்ரோல் ஆர்மை மாத்துறதுதான் வழி. காசும் கூடத்தான்!