பனியன் யூனிட் சலானுக்கு எஸ்க்யூலைட்: வைத்துப் பார்த்த வரை

களம், திருப்பூர் பக்கத்து ஜாப் ஒர்க் யூனிட். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என நாலு மேஜை. நாலும் ஒரே சலான் மென்பொருளில் பதியும். ஓடுவது ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கணினியில், 4 ஜிபி ராம், யூஎஸ்பி எஸ்எஸ்டி. மென்பொருள் எஸ்க்யூலைட், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் என்ற மூன்று டேட்டாபேஸ்களையும் ஏற்கும்.

நாலு மேஜைக்கு எஸ்க்யூலைட் தாராளம். தனி சர்வர் இல்லை, போர்ட் இல்லை, பாஸ்வேர்டு இல்லை. ஒரு ஃபைல், அவ்வளவுதான். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பது அதன் வரம்பு. ஒரு சலான் வரியை எழுதக் கண்மூடித் திறக்கும் நேரம்கூட ஆகாது என்பதால் வரிசையில் நிற்பதே தெரியாது.

ஃபைலை நாஸ் பெட்டியின் (நெட்வொர்க்கில் பகிரும் சேமிப்புப் பெட்டி) ஷேரில் வைத்தது முதல் தப்பு. வால் மோடு (ரைட்-அஹெட் லாக்: புதுப் பதிவை முதலில் தனி ஃபைலில் எழுதும் முறை) டேட்டாபேஸ் ஃபைலுக்குப் பக்கத்தில் ஒரு 'எஸ்ஹெச்எம்' ஃபைலை வைத்து நினைவகத்தைப் பகிர்கிறது. நெட்வொர்க் ஷேர் வழியாக இரண்டு கணினிகள் அதைப் பகிர முடியாது. ஃபைல் லாக்கும் அங்கே நம்பகமில்லை. ஃபைல் எஸ்எஸ்டியில் இருக்கட்டும், நாஸுக்கு பேக்கப் மட்டும் போகட்டும்.

அடுத்து, 'டேட்டாபேஸ் இஸ் லாக்டு' என்ற எர்ரர். இதற்கும் பதிவின் பாதுகாப்புக்குமாக மூன்று அமைப்புகள்: ஜர்னல் மோடு வால், பிஸி டைம்அவுட் (லாக் விடும்வரை காத்திருக்கும் நேரம்) 5000 மில்லி செகண்ட், சிங்க்ரனஸ் (பதிவு டிஸ்கில் இறங்கியதை உறுதி செய்யும் அமைப்பு) ஃபுல். முதலாவதை ஒருமுறை போட்டால் ஃபைலிலேயே தங்கிவிடும்; மற்ற இரண்டும் ஒவ்வொரு இணைப்புக்கும் தனியாகப் போட வேண்டும், இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். டைம்அவுட் போட்ட பிறகும் லாக் வந்தால், படிப்பதாகத் தொடங்கிய ட்ரான்ஸாக்‌ஷன் (ஒரே தொகுப்பாக நடக்கும் வேலை) நடுவில் எழுதப் போவது காரணமாக இருக்கலாம். அங்கே காத்திருக்காமல் உடனே எர்ரர் வரலாம். எழுதும் வேலையை, எழுதும் உரிமையை முதலிலேயே கேட்கும் 'பிகின் இமீடியட்' என்று தொடங்கினால் சரியாகிவிடும்.

சிங்க்ரனஸை நார்மலாக வைத்தால் வேகம் கூடும், ஃபைலும் கெடாது. ஆனால் கரண்ட் போனால் கடைசிச் சில பதிவுகள் காணாமல் போகலாம். பீஸ் ரேட் கூலி அதில்தான் இருக்கிறது. ஃபுல்லே இருக்கட்டும், கூடவே ஒரு சின்ன யூபிஎஸ்ஸும்.

பேக்கப் விஷயத்தில் பெயர் பொருத்தமாக அமைந்துவிட்டது: ஃபைலுக்கு நிஜமாகவே வால் உண்டு. புதுப் பதிவுகள் முதலில் வால் ஃபைலில் சேர்ந்து, சுமார் 1000 பக்கம், அதாவது 4 எம்பி ஆனதும்தான் மெயின் ஃபைலுக்குப் போகும். ஓடும்போது மெயின் ஃபைலை மட்டும் காப்பி எடுத்தால் வாலறுந்த காப்பிதான் கிடைக்கும். 'டாட் பேக்கப்' அல்லது 'வேக்யூம் இன்டு' கட்டளையால் எடுத்து, அந்தக் காப்பியில் 'இன்டெக்ரிட்டி செக்' ஓட்டி, 'ஓகே' வந்த பிறகு நாஸுக்கு அனுப்ப வேண்டும். வால் ஃபைல் வீங்கிக்கொண்டே போனால், எங்கோ ஒரு ரிப்போர்ட் படிப்பை முடிக்காமல் திறந்து வைத்திருக்கிறது.

எதிர்பாராத தொல்லை தமிழில் வந்தது. ஆள் பட்டியலில் மனோகரன், மருதாசலம், மலர்க்கொடி என்று வரிசை வருகிறது. நம் அகரவரிசைப்படி மனோகரன் கடைசி. யூனிகோடில் 'ன' எண் 'ப'வுக்கு முன்பே உட்கார்ந்திருக்க, எஸ்க்யூலைட் அந்த எண்ணைத்தான் பார்க்கிறது. போஸ்ட்கிரெஸில் தமிழ் ஐசியு கொலேஷன் (மொழிக்கேற்ற வரிசை விதி) போட்டால் சரியாக வரும். எஸ்க்யூலைட்டில் வரிசைக்கென்று தனிக் கொலேஷனை மென்பொருள்தான் சேர்க்க வேண்டும்.

தேடலில் இன்னொன்று. கொடுவாய் என்ற ஊர்ப் பெயரைத் தேடினால் பாதிதான் கிடைக்கிறது. 'கொ'வின் குறியைச் சில கீபோர்டு ஒரே குறியாகவும், சில கொம்பு தனி, கால் தனி என்றும் பதிகின்றன. கண்ணுக்கு ஒன்று, பைட்டுக்கு வேறு. பதியும்போதும் தேடும்போதும் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றிவிட வேண்டும்.

போஸ்ட்கிரெஸுக்கு மாறுவதென்றால், இரண்டு கணினியில் மென்பொருள் ஓடும்போதோ, எழுதுபவர்கள் ஓயாமல் மோதும்போதோ மாறலாம். டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டியாக ஓட்டும் கருவி) 'லேட்டஸ்ட்' டேக் வேண்டாம், 17 என்று பதிப்பு எண்ணைக் குறிப்பிடுங்கள். பெரிய பதிப்பு மாறினால் பழைய டேட்டா ஃபோல்டரைப் புதியது திறக்காது. பழையது ஓடும்போதே 'பிஜி டம்ப்ஆல்' கட்டளையால் முழு டேட்டாவையும் வெளியே எடுத்து, புதிய காலி ஃபோல்டரில் ஏற்ற வேண்டும்.

பாக்கி வேலை: பழைய பதிவுகள் முழுவதையும் என்எஃப்சிக்கு மாற்றுவது. காப்பியில்தான் முதலில் ஓட்ட வேண்டும்.