கலிபோர்னியா விதியும் கரடியனாற்று வளவும்

கச்சான் காற்று (வறண்ட தென்மேற்குக் காற்று) வீசத் தொடங்கினால் எங்கள் பக்கத்தில் யாராவது புல்லுக்குத் தீ வைப்பார்கள். மாட்டுக்குப் புதுத்தளிர் வரட்டும் என்று சிலர், வேட்டைக்கென்று சிலர். மட்டக்களப்புப் பக்கம் கரடியனாற்றில் எங்கள் வளவுக்குப் பின்னால் காடு. ஒரு வருடம் நெருப்பு வேலிவரை வந்துவிட்டது. கேள்விப்பட்ட மச்சான் கலிபோர்னியாவிலிருந்து அங்குள்ள காட்டுத்தீ விதிகளையும் ஆலோசனைகளையும் அனுப்பினார்.

வீட்டைச் சுற்றி 100 அடிக்குப் பாதுகாப்பு வேண்டும். முதல் 5 அடிக்குள் எரியக்கூடியது எதுவும் ஆகாது. விறகு 30 அடிக்கு அப்பால். காய்ந்த புல் 4 அங்குலத்துக்கு மேல் நிற்கக் கூடாது. சமநிலமென்றால் மரத்துக்கு மரம் கொப்புகளுக்கிடையே 10 அடி வெளி.

5 அடி விதியை அப்படியே எடுத்துக்கொண்டோம். காற்றில் பறந்து வரும் பொறிதான் பல வீடுகளை எரிக்கிறது. எங்கள் குசினிக்கோ கிடுகுக் கூரை, அதன் சுவரை ஒட்டியே கிடுகு வேலி. கூரைக்குத் தகரம் போட்டோம். சுவரோரம் இருந்த வேலித் துண்டைக் கழற்றிவிட்டுக் கம்பி இழுத்தோம். வைக்கோல் கிணற்றடிக்கு அப்பால் போனது.

மரங்களில்தான் இழுபறி. "நிழலை வெட்டினா இலுக்குத்தான் மனே வரும்" என்றார் அம்மா. சரியான பேச்சு. வெயில் விழுந்த இடமெல்லாம் இலுக்குப் புல் பிடிக்கும். வெட்டினாலும் எரித்தாலும் மண்ணுக்குள் ஓடும் கிழங்கிலிருந்து திரும்ப முளைக்கும், காய்ந்தால் அதைப்போல் எரிவது வேறில்லை. அதனால் பாலை, வீரை, நாவல் எல்லாம் கொப்போடு கொப்பு உரச அப்படியே நிற்கின்றன. தரையிலிருந்து 6 அடிவரை உள்ள கொப்புகளை மட்டும் கழித்தோம் (இதுவும் அவர்கள் விதிதான்). அடிமரத்தில் ஏறிக் காய்ந்து கிடந்த கொடிகளையும் இழுத்துப் போட்டோம். நெருப்பு மேலே ஏற ஏணி அவைதான்.

புல்லை வேரோடு செதுக்கவில்லை. மாரி மழை மண்ணைக் கொண்டுபோய்விடும். மழை ஓய்ந்து புல் பழுக்கத் தொடங்கும்போது ஒரு வெட்டு, கச்சானுக்கு முன் இன்னொன்று. கூட்டிய சருகைக் கொளுத்தும் பழக்கத்தை விட்டு வாழையடியில் குழி தோண்டிப் போடுகிறோம்.

100 அடி எங்களுக்குக் கிடைக்கவில்லை. வேலிக்கு அப்பால் அரசாங்கக் காடு, அனுமதியில்லாமல் கத்தி வைக்க முடியாது. பக்கத்து வெறும்வளவில் கினியாப் புல் ஆளுயரம். சொந்தக்காரர் கனடாவில், தொலைபேசியில் கேட்டதும் மாடு கட்டச் சம்மதித்தார். மாடுகள் இளம்புல்லைத் தின்றுவிட்டு முற்றிய தட்டையை விட்டுவிடுகின்றன. அதை வெட்ட இந்த முறை மெஷின் வாடகைக்குச் சொல்லியிருக்கிறோம்.