ஐரோப்பாவ திருத்துறது அவ்ளோ லேசுல்ல

ஐரோப்பிய யூனியன் எப்படி நடக்கணும்னு சொல்ற லிஸ்பன் ஒப்பந்தத்த திருத்தணும்னு ரொம்ப நாளா பேசிட்டே இருக்காங்க, ஆனா அதோட 48ஆவது பிரிவ படிச்சீங்கன்னா தல சுத்தும், முழுசா திருத்தணும்னா 27 நாட்டு அரசும் சரின்னு சொல்லணும், அப்புறம் ஒவ்வொரு நாடும் தனித்தனியா உறுதி பண்ணணும்.

2021ல மக்கள்கிட்டயே கேப்போம்னு ஒரு மாநாடு ஆரம்பிச்சாங்க. குலுக்கல் மாதிரி ஆள் எடுத்து 800 பேர், 200 பேரா நாலு குழு, அதுல மூணுல ஒரு பங்கு 16லேந்து 25 வயசுக்குள்ள இருக்கற பசங்க, 24 மொழில மொழிபெயர்ப்பு வேற. நெசமாவே நல்ல ஐடியாங்க. 2022 மே மாசம் 49 பரிந்துரை வந்துச்சு, பெரும்பாலான விஷயத்துல வீட்டோவ, அதாவது ஒரே ஒரு நாடு வேணாம்னாலும் முடிவ தடுத்துடற உரிமைய, எடுக்கணும், ஐரோப்பிய நாடாளுமன்றமே சட்டம் முன்மொழியணும்னு எல்லாம் (இப்ப அந்த உரிமை அநேகமா யூனியனோட நிர்வாகத்த பாக்கற கமிஷன்கிட்ட தான், நேரா ஓட்டு வாங்கி வந்தவங்களுக்கு இல்ல, என்ன ஜனநாயகமோ!).

2023 நவம்பர்ல நாடாளுமன்றம் 291க்கு 274னு ஓட்டு போட்டு திருத்தத்துக்கு மாநாடு கூட்டுங்கன்னு கேட்டுச்சு. கூட்டறதுக்கு நாட்டுத் தலைவர்கள்ல சாதா மெஜாரிட்டி போதும், ஆனா அவங்க அத தொடவே இல்ல. பயம் தான், 2005ல பிரான்ஸும் நெதர்லாந்தும் யூனியனுக்குன்னு எழுதின அரசியல் சாசனத்த வாக்கெடுப்புல தூக்கி கடாசினத யாரும் மறக்கல, 2008ல லிஸ்பனுக்கு நோ சொன்ன அயர்லாந்த அடுத்த வருஷமே திரும்ப ஓட்டு போட வச்சாங்க.

வீட்டோ போகணும்னு தான் நானும் சொல்வேன், ஆனா மால்டா மாதிரி குட்டி நாடு அத விடமாட்டேன்னு பிடிச்சிட்டு இருந்தா அதையும் குத்தம் சொல்ல முடியலங்க.