முதுகில் இரண்டாவது ஊசி

"அன்றைக்கு உனக்கு முதுகில் ஊசி போட்டார்கள் அல்லவா, அதன் வேலைதான் இந்தக் கால் வலி" என்றார் அத்தை. அன்றைக்கு என்றால் எனக்கு சிசேரியன் நடந்த நாள். மகனுக்கு இப்போது 22 வயது. இத்தனை ஆண்டுகள் ஓர் ஊசி பொறுமையாகக் காத்திருந்து வேலை காட்டுமா என்று கேட்கத் தோன்றியது. ஆனால் நான் தர்க்கம் பேசும் நிலையில் இல்லை. கூடத்துத் தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் நாற்காலியின் மேல் தூக்கி வைத்திருந்தேன். வலி கொஞ்சமாவது அடங்கியது அந்தக் கிடையில்தான்.

திண்டுக்கல்லில் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை நான். ஜனவரியில் விடைத்தாள் கட்டைக் குனிந்து தூக்கியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. நான்கு நாளில் இடுப்பு விட்டது, கால் பிடித்தது. இடது பிட்டத்தில் தொடங்கி, பின்தொடை, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை சுடுகம்பியை இழுத்தது போல ஒரு வலி. தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வேன். தைலம், ஒத்தடம், பெல்ட் எல்லாம் ஆயிற்று.

எலும்பு மருத்துவர் என்னைப் படுக்க வைத்து, காலை மடக்காமல் தூக்கினார். ஒரு முழம் எழும்புவதற்குள் அலறிவிட்டேன். குதிகாலுக்கு மேல் சுத்தியலால் தட்டினார். வலது பாதம் துள்ளியது, இடது பாதம் கண்டுகொள்ளவே இல்லை. எம்.ஆர்.ஐ. அறிக்கையில், முதுகெலும்பின் அடியில் எல்5-எஸ்1 எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல் உள்ள டிஸ்க் பிதுங்கி, எஸ்1 நரம்பின் வேரை அழுத்துவதாக இருந்தது. ஊரில் சவ்வு விலகல் என்பது இதைத்தான். பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் தணிந்துவிடும் என்று சொல்லி பிரிகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரை எழுதினார். வலி பாதி குறைந்தது, புத்தியும் பாதி குறைந்தது. நான் கரும்பலகையில் போட்ட கூட்டலை பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து திருத்தினாள்.

ஒன்பதாவது வாரமும் ஒரே நிலைதான் என்றதும் மதுரையில் ஒரு வலி சிகிச்சை மருத்துவரிடம் அனுப்பினார். அவர் சொன்னது, முதுகில் ஸ்டீராய்டு ஊசி. வீட்டில் கேட்க வேண்டுமா! அத்தைக்கு 'முதுகில்' என்ற சொல் போதும். என் கணவருக்கு 'ஸ்டீராய்டு' போதும். ராத்திரி முழுதும் கைப்பேசியில் படித்துவிட்டு, இத்தகைய ஊசிகளால் மிக அரிதாகப் பார்வை இழப்பும் பக்கவாதமும் வரக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2014இல் எச்சரித்திருப்பதாகக் காலையில் வந்து சொன்னார்.

அதை அப்படியே மருத்துவரிடம் கேட்டேன். கோபப்படவில்லை, எச்சரிக்கை உண்மைதான் என்றார். துகள் உள்ள மருந்து தவறிப்போய் ரத்தக் குழாயில் சென்றால் ஆபத்து. அதனால் துகள் இல்லாத டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைத்தான் போடப்போவதாகவும், முதலில் சாயம் செலுத்தி, ஊசி முனை எங்கே இருக்கிறது என்று எக்ஸ்ரே திரையில் பார்த்த பிறகே மருந்து போகும் என்றும் விளக்கினார். "இது பிதுங்கலை உள்ளே தள்ளாது. நரம்பு வேரின் வீக்கத்தை வற்றச் செய்யும். அந்த அவகாசத்தில் உடம்பு தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்." எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டேன். "சிலருக்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில். சிலருக்கு ஒன்றுமே தெரியாது." அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அவரை நம்பினேன். சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, பாதம் தொங்கினாலோ ஊசியைப் பற்றி யோசிக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடி வரவேண்டும் என்றும் சொன்னார்.

ஊசி போடும் நேரம் இருபது நிமிடம்கூட இல்லை. குப்புறப் படுக்கவைத்து வயிற்றுக்கடியில் தலையணை. முதுகில் சில்லென்று அயோடின். மரப்பு ஊசிதான் சுருக்கென்றது, அதன்பின் வெறும் அழுத்தம். மருந்து இறங்கியபோது, என் வலி, எனக்கு மட்டுமே தெரிந்த அந்த வலி, அதே பாதையில் சுண்டுவிரல் வரை ஓடியது. "வழக்கமான இடத்தில்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்று கத்தினேன். "அப்படியென்றால் சரியான இடத்தில்தான் இருக்கிறோம்" என்றார். எனக்கு அப்போது அது ஆறுதலாக இல்லை.

எழுந்து நின்றபோது வலியே இல்லை! கால் சற்றுக் கனத்தது, அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் வைத்திருந்து அனுப்பினார்கள். கொடைரோடு தாண்டும்போது அத்தைக்கு போன் செய்து பெருமை அடித்துக்கொண்டேன்.

அன்று இரவு பதினொரு மணிக்கு வலி திரும்பியது. பழைய வலியைவிட ஒரு பிடி கூடுதலாக. ஊசி தோற்றுவிட்டது, பணம் போயிற்று என்று அழுதேன். ஊசியில் மரப்பு மருந்தும் கலந்திருக்கும், அதுதான் சில மணி நேரச் சுகம் தந்தது, ஸ்டீராய்டு வேலை தொடங்க இரண்டு நாளிலிருந்து ஒரு வாரம்வரை ஆகலாம் என்பதை மறுநாள் தொலைபேசியில்தான் சொன்னார்கள். அனுப்பும்போது கையில் தந்த தாளில் தையல் போட்டவர்களுக்கான அறிவுரைகூட இருந்தது, இந்த ஒரு வரி இல்லை.

எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. அந்த விஷயத்தில் அவர்களைக் குறை சொல்லமாட்டேன், ஸ்டீராய்டால் ரத்தச் சர்க்கரை ஏறும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். ஆனால் சாப்பாட்டுக்குப் பின் 170ஐத் தாண்டாத எனக்கு, மறுநாள் கருவி 312 காட்டியபோது கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். முகம் வேறு சிவந்து காந்தியது. நான் வழக்கமாகச் சாப்பிடும் சர்க்கரை மாத்திரையான மெட்பார்மினோடு சில நாளைக்கு இன்னொரு மாத்திரை சேர்த்தார்கள். ஆறாம் நாள் சர்க்கரை பழைய கணக்குக்கு வந்தது.

வலி அதற்கு முன்பே போய்விட்டிருந்தது. எப்போது போனது என்று தெரியவில்லை. நான்காம் நாள் காலை, குழாயடியில் குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள், பாதியில்தான் கவனித்தேன், நான் குந்தியிருக்கிறேன் என்று. பிசியோதெரபி நிலையத்தில் அதற்கு முன் என்னால் செய்யவே முடியாத பயிற்சிகளை அடுத்த வாரமே ஆரம்பித்தார்கள். குந்துவதைத்தான் முதல் காரியமாகத் தடுத்தார்கள்.

ஐந்து மாதம் ஆகிறது. வலி முழுதாகப் போகவில்லை, மதுரைக்கு பஸ்ஸில் போய் வந்தால் கெண்டைக்கால் முணுமுணுக்கிறது. சுண்டுவிரல் இன்னும் மரத்தேதான் இருக்கிறது. சென்ற வாரம் மருத்துவர் குதிகாலுக்கு மேல் தட்டிப் பார்த்தார். இடது பாதம் லேசாக அசைந்த மாதிரி இருந்தது. அசைந்தது என்கிறார் என் கணவர். மருத்துவரும் இவரும் சேர்ந்து என்னை ஏமாற்றுகிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. தேவைப்பட்டால் இன்னொரு ஊசி போடலாம், ஆனால் வருடத்துக்கு மூன்று நான்கைத் தாண்டக்கூடாது என்றாராம் மருத்துவர். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.